வீட்டுச் சுவருக்குச் சுடுமண் நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் டெரகோட்டா நிறம் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த நிறத்தை இரண்டு முறை அடித்திருக்கிறோம். முதல் முறை தவறாக, இரண்டாம் முறை சரியாக. இரண்டிலும் கற்றதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டெரகோட்டா என்பது எந்த நிறம்? ஆரஞ்சா, சிவப்பா, பழுப்பா?

மூன்றும் கலந்தது. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சுட்ட மண்' என்று பொருள். நம்மிடம் சுடுமண் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டு வீட்டுக் கூரை, செங்கல், பூந்தொட்டி, அய்யனார் கோயில் குதிரை எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனால் அவை ஒரே நிறமல்ல. புது ஓடு ஆரஞ்சுப் பக்கம் சாயும். நான்கு மழை பார்த்த ஓட்டில் பழுப்பு கூடியிருக்கும். காவிக்கல்லை உரைத்தால் சிவப்பு தூக்கலாக வரும். மானாமதுரைப் பானைகளிலேயே அடுத்தடுத்து வைத்த இரண்டில் ஒன்று வெளிறியும் ஒன்று சிவந்தும் இருப்பதைப் பார்க்கலாம்.

அதனால் கடைக்குப் போய் "டெரகோட்டா கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். உங்கள் மனத்தில் இருப்பது ஓட்டுத் துண்டா, செங்கல்லா, பூந்தொட்டியா என்று முடிவு செய்து, அந்தப் பொருளையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஷேட் கார்டில் நாற்பது கட்டங்களைப் பார்த்துக் குழம்புவதைவிட ஒரு ஓட்டுச் சில்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது.

மண்ணுக்கு இந்த நிறம் எதனால் வருகிறது? அதைத் தெரிந்துகொள்வதால் பெயிண்ட் வாங்குபவருக்கு என்ன பயன்?

களிமண்ணில் உள்ள இரும்புதான் காரணம். சூளையில் காற்று தாராளமாகப் போனால் அந்த இரும்பு சிவப்பு ஆக்சைடாக மாறும். காற்றை அடைத்துச் சுட்டால் அதே மண் கருப்பாகும். மஞ்சள் காவியைச் சுட்டால் அது சிவப்பதும் இரும்பின் வேலைதான்.

பயன் உண்டு. இரும்பு ஆக்சைடு வெயிலில் வெளுக்காது, சிமென்ட்டின் காரத்துக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. கோயில் மதிலின் காவிப் பட்டை வெயிலைத் தாங்கி நிற்பது இதனால்தான். ஆனால் இதே நிறத்தைப் பளிச்சென்ற வேறு சிவப்பு, ஆரஞ்சுச் சாயங்களைக் கலந்தும் உண்டாக்கலாம். அவற்றில் சில, சன்னல் வெயில் படும் சுவரில் நாளடைவில் வெளுத்துவிடும். நிறம் கலக்கும் இயந்திரத்தில் கடைக்காரர் எண்ணைத் தட்டும்போது எந்தெந்தச் சாயம் எவ்வளவு என்று திரையில் வரும். "இதில் ஆக்சைடு சாயம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கொஞ்சம் மங்கலாக, மண் தன்மையோடு இருக்கும் நிறங்களில் பெரும்பாலும் ஆக்சைடுதான் அதிகம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சில் அது குறைவு.

கடையில் பார்த்த நிறம் சுவரில் ஏன் வேறாக இருக்கிறது?

விளக்கினால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்குதான் இருக்கிறது. அதன் ஒளி நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். சுடுமண் நிறம் உயிரோடு தெரிய வேண்டுமானால் விளக்கின் ஒளியிலேயே சிவப்பும் மஞ்சளும் போதுமான அளவு இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் முதல் முறை அடித்தபோது இது தெரியாது. பகலில் பெயிண்டர் முடித்துவிட்டுப் போனபோது சுவர் அப்போதுதான் சூளையிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. இரவு ஏழு மணிக்கு விளக்கைப் போட்டோம். கழுவாத காபி டம்ளரின் அடியில் காய்ந்து கிடக்கும் கறையின் நிறம். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் இரவு முழுக்க அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

நிறத்தில் குற்றமில்லை. மறுநாள் 2700 கெல்வின் பல்பு ஒன்றை வாங்கிப் போட்டதும் பாதி பிரச்சினை தீர்ந்தது. 2700 முதல் 3000 கெல்வின் வரை இந்த நிறத்துக்கு ஏற்றது. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். அது பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. மலிவான எல்.இ.டி. விளக்குகள் ஆழ்ந்த சிவப்பைக் காட்டுவதில் பலவீனமானவை. 90 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்குங்கள். படிக்கும் மேசைக்கு வெள்ளை விளக்குதான் வேண்டும் என்றால் அதைத் தனியாக மேசை விளக்காக வைத்துக்கொள்ளலாம்.

விளக்கை முதலில் மாற்றுங்கள், அந்த விளக்கில் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். விளக்கை மாற்ற வீட்டில் சம்மதமில்லை என்றால் இந்த நிறத்தைக் கைவிடுவதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

அடிப்பதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

இரண்டடிக்கு இரண்டடி அட்டையோ ஹார்டுபோர்டோ எடுத்து, ஓரம் விடாமல் இரண்டு கோட் அடியுங்கள். மேசையில் படுக்கவைத்துப் பார்க்காமல் சுவரில் சாய்த்து நிறுத்திப் பாருங்கள். காலை, நடுப்பகல், மாலை ஐந்து மணி, இரவு விளக்கு என நான்கு நேரமும், அறையின் ஒவ்வொரு மூலையிலும். வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு திட்டு மட்டும் அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள வெள்ளை அதை உண்மையைவிட அடர்த்தியாகக் காட்டும்.

இன்னொன்று: நான்கு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் ஒளி எதிர்ச்சுவரில் பட்டு நிறம் இன்னும் ஏறும். ஆகவே அட்டையில் மிகவும் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதையே முழு அறைக்கு எடுங்கள்.

எங்கள் அறை சிறியது. இருட்டிவிடாதா?

இருட்டும், அளவு தெரியாமல் அடித்தால். ஒரு நிறம் ஒளியில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பெயிண்ட் நிறுவனங்கள் எல்.ஆர்.வி. என்ற எண்ணால் குறிக்கின்றன. 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. நல்ல வெள்ளை 80-க்கு மேல் இருக்கும். சுடுமண் நிறங்கள் பெரும்பாலும் 20-க்கும் 35-க்கும் இடையில் வரும். நான்கு சுவரும் அப்படியானால் விளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சுவரே குடித்துவிடும்.

மேற்கூரையை வெள்ளையாகவே விடுங்கள், ஆனால் நீலம் போட்ட வெள்ளை வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளை, மோர் வெள்ளை, பச்சரிசி மாவின் வெள்ளை போன்றவை இந்த நிறத்தோடு உறவாடும்.

அறை முழுக்க அடிக்கலாமா, ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கலாமா?

இப்போது எல்லோரும் ஒரே ஒரு சுவரை எடுத்து அடிக்கிறார்கள். பெரும்பாலும் தொலைக்காட்சி இருக்கும் சுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருப்புத் திரையும் அதன் கம்பிகளும் இருக்கும் இடத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை. ஒரு சுவர்தான் என்றால் சன்னலுக்கு எதிர்ச்சுவரை எடுங்கள். பகல் வெளிச்சம் நேராக அதில் விழும்.

நான் மனமாரச் சொல்லும் வழி வேறு. பழைய கிராமத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். சுவர் சுண்ணாம்பு வெள்ளை, கீழே முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ ஒரு காவிப் பட்டை. திண்ணையிலும் அதுவே. கோலத்தைச் சுற்றிச் செம்மண் இழுப்பதும் அதே கணக்குத்தான். வெள்ளைக்கு ஒரு மண் கரை. சாணி மெழுகிய தரையிலிருந்தும் மழைச் சாரலிலிருந்தும் வரும் கறை அந்தப் பட்டையில் மறையும். அழகும் அதில்தான் இருந்தது. கனமான நிறம் தரையோடு சேர்ந்து கீழே நிற்கும்போது அறை பாரமாகத் தெரியாது.

எங்கள் கூடத்தில் இரண்டாம் முறை இதைத்தான் செய்தோம். பத்தடிச் சுவரில் மூன்றரை அடி வரை சுடுமண் நிறம், அதற்கு மேல் மோர் வெள்ளை. சரிபாதியில் கோடு போடாதீர்கள், அறை இரண்டாக வெட்டியதுபோல இருக்கும். மூன்றில் ஒரு பங்கு சரியாக அமையும். சன்னலின் அடிமட்டத்தோடு கோடு ஒத்துப்போனால் இன்னும் நல்லது.

கோடு நேராக வர ரசமட்டம் வைத்து நூல் பிடிக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து அளந்தால் போதாது, தரையே சில இடங்களில் வாட்டமாக இருக்கும். ஒட்டுத்தாளை ஒட்டிய பிறகு, அதன் விளிம்பில் முதலில் மேல்பக்க வெள்ளையையே ஒரு கை இழுத்துக் காயவிட வேண்டும். தாளுக்கு அடியில் உள்ள சிறு இடைவெளிகளை அந்த வெள்ளை அடைத்துவிடும். அதன் பிறகு சுடுமண் நிறத்தை அடித்து, முழுக்கக் காயும் முன் தாளை மெல்ல உரித்தெடுங்கள். எங்கள் பெயிண்டர் இதைச் செய்து காட்டியபோது கத்தியால் வெட்டியதுபோலக் கோடு வந்தது.

எந்தத் திசை அறைக்கு ஏற்றது?

வடக்குச் சன்னல் மட்டும் உள்ள அறைக்கு மிகவும் ஏற்றது. அங்கே நேர் வெயில் குறைவு, வெள்ளைச் சுவர் சற்றுச் சோகையாகத் தெரியும். சுடுமண் அந்த அறைக்கு இரத்தம் ஏற்றும். கிழக்கு அறையில் காலையில் அழகு, பிறகு அமைதி. மேற்குச் சன்னல் உள்ள அறையில் மட்டும் யோசியுங்கள். மாலை நான்கு மணி வெயில் ஏற்கெனவே செம்மஞ்சள். அது இந்தச் சுவரில் படும்போது அறை அடுப்பு எரிவதுபோல ஆகிவிடும். சித்திரை மாதத்தில் அதைத் தாங்க முடியாது. அங்கே வெளிறிய, சாம்பல் கலந்த வகையை எடுங்கள்.

இந்த நிறத்தால் வீடு சூடாகுமா?

உள்சுவர் நிறத்தால் வெப்பநிலையில் பெரிய மாற்றம் வராது. வெப்பத்தைத் தீர்மானிப்பவை மாடித் தளமும் வெளிச்சுவரும். மேற்கு வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளை அடித்துவிட்டு உள்ளே உங்கள் விருப்பம்போல நடந்துகொள்ளுங்கள்.

வாஸ்து என்ன சொல்கிறது?

சிவப்புக் குடும்ப நிறங்களை அக்னி மூலையான தென்கிழக்கோடு சேர்த்துச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அது முக்கியம் என்றால் அந்தப் பக்கத்து அறையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உட்காரத்தானே நிறம் அடிக்கிறோம்.

பளபளப்பு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். மண் மினுங்காது. பளபளப்பான பெயிண்டில் இந்த நிறம் பிளாஸ்டிக் நாற்காலியை நினைவூட்டும். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளங்களையும் பளபளப்பு எடுத்துக்காட்டிவிடும். ஆனால் முழு மேட் பெயிண்டில் கை உரசும் இடம் மட்டும் வழவழத்துத் தனியாகத் தெரியும். அரைச்சுவர் முறையில் கீழ்ப்பகுதிதான் அதிகம் உரசும். ஆகவே கழுவக்கூடிய, மிகக் குறைந்த மினுமினுப்புள்ள எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) கேட்டு வாங்குங்கள்.

தரையோடு எப்படிப் பொருத்துவது?

சிவப்பு ஆக்சைடு தரை இருக்கும் பழைய வீடு என்றால் சுவரை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். தரையே அந்த நிறத்தைத் தந்துகொண்டிருக்கிறது, சுவரும் போட்டிக்கு வந்தால் இரண்டும் கெடும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டிலும் இப்படித்தான். அந்தக் கல்லில் பூ வேலையும் காவியும் மஞ்சளும் பச்சையும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கின்றன. சுவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தந்த நிற டைல்ஸ் உள்ள அடுக்ககங்களுக்குத்தான் சுடுமண் சுவர் உண்மையில் தேவைப்படுகிறது. சாம்பல் நிற டைல்ஸ் என்றால் பழுப்புப் பக்கம் சாயும் வகையை எடுங்கள், ஆரஞ்சுப் பக்கம் சாய்வது சாம்பலோடு சண்டை போடும்.

வேறு என்ன நிறங்கள், என்ன பொருள்கள் சேரும்?

வாழை இலையின் பின்பக்கப் பச்சை, அவுரி நீலம், மயில் கழுத்து நிறம். நீலம் ஆரஞ்சுக்கு எதிர்நிறம் என்பதால் ஒரு திண்டோ திரைச்சீலையோ போதும். தேக்குப் பழுப்பு, பித்தளை, கோரைப்பாயின் வெளிர் மஞ்சள், வெளுக்காத கைத்தறியின் நிறம் எல்லாம் எளிதாகச் சேர்ந்துவிடும். கருப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்கு இதைவிட நல்ல பின்னணியை நான் பார்த்ததில்லை. தாத்தா பாட்டி கல்யாணப் படம் எங்கள் கூடத்தில் இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பலரும் செய்யும் ஒரு பிழை: சுடுமண் சுவருக்கு முன்னால் சுடுமண் பானையையும் குதிரையையும் வைப்பது. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து காணாமல் போகும். மண் பொருள்களை வெள்ளைச் சுவருக்கு முன் வையுங்கள். இந்தச் சுவருக்கு முன் குத்துவிளக்கை ஏற்றி வைத்துப் பாருங்கள்.

ஆளுயரக் கண்ணாடி இருக்கும் சுவருக்கு எதிரில் இந்த நிறம் வேண்டாம். முகத்திலும் புடவையிலும் சிவப்புச் சாயல் விழும், எந்த நிற ரவிக்கை பொருந்துகிறது என்று தெரியாது.

எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவும் ஒரு சன்னலும் கழித்தால் சுமார் 400. எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும். டப்பாவில் உள்ள அளவையும் பாருங்கள். அப்படியானால் மூன்றரை லிட்டர். ஆனால் அடர்ந்த நிறங்கள் இரண்டு கோட்டில் மூடுவது அரிது. மூன்றாவது கோட்டையும் சேர்த்து ஐந்து லிட்டர் என்று கணக்கிடுங்கள். மூன்றரை அடிப் பட்டைக்கு மட்டும் என்றால் 140 சதுர அடி, மூன்று கோட்டுக்கு இரண்டு லிட்டர் போதும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்குங்கள். முதல் முறை எங்களுக்கு ஒரு லிட்டர் குறைந்து, இரண்டு நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லி வாங்கினோம். புது டப்பா சற்று இளஞ்சிவப்பாக இருந்தது. சுவரின் நடுவில் அந்த இணைப்பு தெரிந்துகொண்டே இருந்தது. எல்லா டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். அப்படியும் குறைந்தால் ஒரு மூலையில் நிறுத்தி, அடுத்த சுவரைப் புது டப்பாவில் தொடங்குங்கள். மூலையில் வேறுபாடு தெரியாது.

சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. அதன் மேல் அடிக்கலாமா?

கூடாது. வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். சுடுமண் நிறத்தில் அது தேமல்போல வாசலிலிருந்தே தெரியும். குளியலறைக்குப் பின்சுவர், தரையை ஒட்டிய ஓர் அடி, சன்னலுக்குக் கீழ் ஆகிய மூன்று இடங்களைத் தடவிப் பாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகு உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகத் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். கடற்கரை ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்து தை பிறக்கும் வரை காத்திருங்கள். புதிதாகப் பூசிய சுவருக்கும் பொறுமை தேவை. தண்ணீர் விட்டு ஆற்றுவது (க்யூரிங்) முடிந்து குறைந்தது 28 நாளாவது காயட்டும்.

பெயிண்டே இல்லாமல், சுண்ணாம்பில் காவி கலந்து அடிக்க முடியுமா?

முடியும். அதன் அழகு எமல்ஷனில் வராது. நிறம் ஒரே சீராக இல்லாமல் மேகம்போல ஏறி இறங்கி இருக்கும். நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் எடைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காவித்தூள் போகக் கூடாது, அதிகமானால் பிடிக்காமல் உதிரும். பழைய ஆட்கள் பிடிப்புக்காக வஜ்ஜிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) சேர்ப்பார்கள். சுவரை லேசாக நனைத்துவிட்டு, மெல்லிய கோட்டாக மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்தால் வெகுவாக வெளிறும், பயந்துவிடாதீர்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கிடைக்கும் அதிகபட்ச நிறம் வெளிர் சுடுமண்தான். ஆழ்ந்த நிறம் வராது. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டவும் ஒட்டாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டலாமா?

கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், குறிப்பாகச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும், ஈயம் கொண்டதாக இருக்கலாம். அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

காலி செய்யும்போது வெள்ளைக்குத் திருப்ப ஒரு கோட் பிரைமரும் இரண்டு மூன்று கோட் வெள்ளையும் ஆகும். அந்தச் செலவை முதலிலேயே எண்ணிப் பாருங்கள். வேண்டாம் என்றால் நான்கடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் அடித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். அல்லது நிறத்தைத் துணியில் கொண்டுவாருங்கள். காவி நிறக் கைத்தறித் திரைச்சீலையும் 2700 கெல்வின் விளக்கும் சேர்ந்தாலே வெள்ளை அறை மாலையில் மாறிவிடும்.

மிச்சமான பெயிண்டை வைத்துக்கொள்ளலாமா?

கட்டாயம். டப்பாவில் பாதி காற்று இருந்தால் ஆடை கட்டிவிடும். ஊறுகாய் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத பரணில் வையுங்கள். நிறத்தின் எண்ணையும் பெயிண்ட் வகையையும் அடித்த தேதியையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.